ஒரு நம்பர் கம்மி

கச்சிராயபாளையம் தாண்டி மலைச் சாலையில் பஸ் முதல் வளைவில் திரும்பும்போதே எனக்கு வயிறு புரட்ட ஆரம்பித்துவிடும். வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்த அன்று வீட்டில் எல்லாரும் ஸ்வீட் சாப்பிட்டார்கள். நான் மட்டும் அந்த வளைவுகளை நினைத்து ஒரு துண்டு மைசூர்பாகை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் போய்வர வேண்டும். எலுமிச்சம்பழம் முகர்ந்தேன். இஞ்சி மென்றேன். நியூஸ்பேப்பரை விரித்து அதன்மேல் உட்கார்ந்தால் வாந்தி வராது என்று ஒரு பயணி சொன்னார். பேப்பர் கசங்கியதுதான் மிச்சம். போனைப் பார்த்தால் இன்னும் மோசம். கடைசியில், எதையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டால் வயிறு அடங்குகிறது என்று கண்டுபிடித்தேன். சின்னக் கணக்குக்கு அடங்காது. மேலே போய்ச் சேரும்வரை தாங்குகிற கணக்காக வேண்டும்.

அப்போதுதான் கல்லூரியில் எப்போதோ காதில் விழுந்த ஒரு புதிர் ஞாபகம் வந்தது. ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள இலக்கங்களை ஆளுக்கு ஒரு தடவை மட்டும் வைத்து ஓர் எண்ணை அமைக்க வேண்டும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் சேர்ந்த எண் இரண்டால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். முதல் மூன்று சேர்ந்தது மூன்றால், முதல் நான்கு நான்கால். இப்படியே போய், ஒன்பதும் சேர்ந்தால் ஒன்பதால் வகுபட வேண்டும். அப்படி ஓர் எண் இருக்கிறதா? இருந்தால் எத்தனை?

பல நாள் பஸ் பயணம் இதிலேயே போனது. ஐந்தாவது இடத்தில் ஐந்துதான் உட்கார முடியும். சைபருக்கு இங்கே டிக்கெட் இல்லை. இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது சீட்டுகள் இரட்டைப்படை எண்களுக்கு மட்டும், பஸ்ஸில் மகளிர் சீட் மாதிரி. ஒன்பதைப் பற்றிக் கவலையே இல்லை. எல்லா இலக்கங்களையும் கூட்டினால் நாற்பத்தைந்து வருவதால், எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒன்பதால் வகுபட்டுவிடும். மூன்று, நான்கு, ஆறு, எட்டு ஆளுக்கொரு பக்கம் கழித்துக்கொண்டே வர, கடைசியில் பத்தே பத்து எண்கள் மிஞ்சின. இனி ஏழு மட்டும்தான் பாக்கி. ஏழுக்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குக் கைவந்ததில்லை. ஒவ்வொன்றாக வகுத்தே ஆக வேண்டும். ஏழு இரக்கமில்லாமல் ஒவ்வொருவரையாக இறக்கிவிட்டுக்கொண்டே வந்தது.

ஒரு நாள் காலை, பஸ் முனகிக்கொண்டே ஒரு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது, முப்பத்தெட்டு லட்சத்துப் பதினாறாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தேழை ஏழால் வகுத்தேன். மீதி இல்லை. இன்னொரு தடவை வகுத்தேன். அப்போதும் இல்லை.

"ஏழால போகுது!" என்று கத்திவிட்டேன்.

கண்டக்டர் முன்பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். "எங்கம்மா போவுது? வண்டி வெள்ளிமலைதான் போவுது. எறங்கணுமா?"

இறங்கவில்லை. மிச்சமிருந்த எண்களையும் அடுத்தடுத்த நாட்களில் வகுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஏழைத் தாண்டவில்லை. உலகத்தில் இந்த நிபந்தனைக்கு ஒத்துவருவது ஒரே ஓர் எண்தான்: 381654729. முப்பத்தெட்டு இரண்டால் போகும். முந்நூற்று எண்பத்தொன்று மூன்றால் போகும். 3816 நான்கால் போகும். இப்படி ஒவ்வொரு படியாக ஏறி, ஒன்பதாவது படியில் ஒன்பதோடு நிற்கும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, எனக்கு முன்பே பலருக்குத் தெரியும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதனால் என்ன? எனக்கு வாந்தி நின்றது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே, "இத சொன்னா பிரைஸ் எதாச்சும் தர்றாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அந்த பூண்டையும் உரி" என்றார்.

அந்த வருஷம்தான் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். பங்குக் கோவிலில் பழக்கமானவர் ஒருவர் மூலமாக களமருதூரிலிருந்து ஒரு ஜாதகம் இல்லாத சம்பந்தம் வந்தது. ஜாதகம் இல்லாததற்குக் காரணம் இரண்டு குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பங்கள் என்பதுதான். பையன் ரிஷிவந்தியம் பக்கம் கால்நடை ஆய்வாளர். ஊர்க்காரர்களுக்கு மாட்டு டாக்டர். மாட்டுக்கு ஊசி போடுவது, காதில் மஞ்சள் அட்டை மாட்டுவது எல்லாம் அவர் வேலை. அவரும் அவருடைய அம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

சுண்டல் சாப்பிட்டதும் யாரோ பெருந்தன்மையாக, "ரெண்டு பேரும் அஞ்சு நிமிசம் பேசிக்கட்டும்" என்றார்கள். எங்களைத் தோட்டத்துப் பக்கம் துணி துவைக்கிற கல்லருகே விட்டுவிட்டு எல்லாரும் உள்ளே போனார்கள். எல்லாருடைய காதும் மட்டும் ஜன்னலிலேயே இருந்தது.

அவர் சோப்பு நுரை காய்ந்திருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மாட்டை எழுப்புவதுபோல் தொண்டையைச் செருமினார்.

"ஒங்களுக்கு இன்னா புடிக்கும்?"

இந்தக் கேள்வி வரும் என்று அம்மா முன்பே சொல்லித் தயார் செய்திருந்தார். சமைக்கப் பிடிக்கும், கோவில் பாட்டுக் குழுவில் பாடப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். ஆனால் பதட்டத்தில் எனக்கு மலை வளைவில் புரட்டுவதுபோல் வயிறு புரட்டியது. வயிறு புரட்டினால் என் மனம் தானாக எங்கே போகுமோ அங்கே போய்விட்டது. வாய் கூடவே போனது.

"மூணு, எட்டு, ஒண்ணு, ஆறு, அஞ்சு, நாலு, ஏழு, ரெண்டு, ஒம்பது" என்றேன்.

கோடி, லட்சம் என்று சொல்லியிருந்தால் ஜன்னலில் இருந்த காதுகள் வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கும். அந்தப் புத்தி மட்டும் அப்போது வேலை செய்தது.

அவர் முகம் மலர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"காலைல போட்டுப் பாக்குறேங்க" என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஒரு மனிதன் பெண் பார்க்க வந்த இடத்தில், ஓர் எண்ணைச் சொன்னதும் கையில் எழுதி, காலையில் வகுத்துப் போட்டுப் பார்க்கிறேன் என்கிறான். இதைவிட வேறென்ன வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் எந்தத் தகவலும் இல்லை. அந்த வாரம் முழுக்கவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில், சம்பந்தம் கொண்டுவந்தவர் எங்களைப் பார்த்ததும் செருப்பைத் தேடுவதுபோல் வேறு பக்கம் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"அந்த புள்ள கிட்ட இன்னாடி சொன்ன?"

"ஒரு நம்பர் சொன்னேம்மா."

"போன் நம்பர் குடுத்தியா? இந்த காலத்துல அதுல ஒண்ணும் தப்பில்ல. அப்பறம் ஏன் அவங்க பேசல?"

"போன் நம்பர் இல்லம்மா. அந்த நம்பர்."

அம்மாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மாதாவே! ஊர்ல பொண்ணுங்க புடவ புடிக்கும், பூ புடிக்கும்ன்றாங்க. இவ ஒருத்தி நம்பர் புடிக்கும்னு சொல்லிக்கினு நிக்கிறா!"

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். ஆனால் அம்மாவின் குரல் அப்பாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். வெள்ளிமலையில் எங்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டிய மைதானத்தில் மாடுகளுக்கு முகாம் போட்டார்கள். மலையில் ஆள் கம்மி என்று கீழேயிருந்தும் சிலரை அழைத்து வந்திருந்தார்கள். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் வெளியே வந்து பார்த்தால், வேலி ஓரத்தில், முழங்கைவரை சாணியோடு, கையில் பெரிய குறடு மாதிரி ஒரு கருவியோடு, என்னைப் பெண் பார்க்க வந்த அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு செவலை மாட்டின் மூக்கணாங்கயிற்றை ஓர் அம்மா பிடித்திருந்தார். சாமை அறுக்கப் போகிற வழியில் மாட்டையும் ஓட்டி வந்திருந்தார் போல. இடுப்பில் அரிவாள் இருந்தது.

மாட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் என் எண்ணுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

"போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் முகம் வாடியது. "போட்டங்க. போவல."

"போகலையா? எதுல போகல?"

"எதுலயுமே போவலீங்க. ஒரு நம்பர் கம்மியா இருந்துச்சி."

பிறகு மெதுவாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது உள்ளங்கையை எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒன்பதுதான் இருந்தது. "மாட்டுக்குன்னா பன்னெண்டு நம்பருங்க, இதோ இந்த அட்டையில பாருங்க. மனுசனுக்கு போனுன்னா பத்து. ஒம்பது எதுக்குமே கெடையாது." சரி, கடைசி எண்ணைத் தானே கண்டுபிடிக்கட்டும் என்று டீச்சர் பரீட்சை வைத்திருக்கிறார் போல என்று நினைத்து, பின்னால் சைபரிலிருந்து ஒன்பதுவரை ஒவ்வொன்றாகச் சேர்த்து போன் போட்டுப் பார்த்திருக்கிறார். எதுவும் போகவில்லை. ரீசார்ஜ் கடைக்காரரிடம் காட்டியதற்கு அவர், "மூணுல ஆரம்பிக்கிற செல் நம்பரு ஏதுப்பா? பொண்ணு ஒனக்கு மரியாதயா டாட்டா காட்டிக்கீது" என்று சிரித்திருக்கிறார்.

"அதான் தொந்தரவு பண்ண வேணாம்னு உட்டுட்டங்க" என்று முடித்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே முழுவதையும் விளக்கினேன். வாந்தி, வளைவு, மகளிர் சீட், ஏழு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கருவியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போன் கால்குலேட்டரைத் திறந்தார். நான் சொல்லச் சொல்ல வகுத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் புள்ளி இல்லாமல் விடை வந்தது. ஏழு வந்தபோது அவர் விரல் கொஞ்சம் தயங்கியது.

"போவுதுங்க!" என்றார். "நெஜமாவே போவுது!"

"சொன்னேன் இல்ல."

"டாக்டரே, மொதல்ல மாட்ட உடு. அப்பறம் கணக்கு போடு" என்றார் அரிவாள் அம்மா.

"ஒரே நிமிசம் அக்கா, ஒம்பதோட முடிஞ்சிடும்."

ஒன்பதும் முடிந்தது. அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் பின்னால சைபர் போட்டு அடிச்சனே, அது?" என்று கேட்டார்.

பின்னால் சைபரைச் சேர்த்தால் பத்து இலக்கம். பத்து இலக்கமும் சேர்ந்தது பத்தால் வகுபடும். சைபர் முதல் ஒன்பது வரை எல்லா இலக்கங்களும் ஒவ்வொரு தடவை வந்துவிடும். இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் சைபருக்கு டிக்கெட் இல்லை என்று முதல் நாளே நான் இறக்கிவிட்டதால் அதன்பிறகு அதைத் திரும்பியே பார்க்கவில்லை. இவரோ எனக்குப் போன் போடுகிற ஆசையில் அதை ஏற்றிவிட்டிருக்கிறார்.

"அது சரியா வரும். பத்தால போகும்" என்றேன்.

"அதுதாங்க நான் மொதல்ல போட்டது" என்றார். ஏதோ போன் எடுத்துப் பேசிவிட்டதுபோல் சந்தோஷப்பட்டார். பிறகு, "இதால இன்னா பிரயோஜனங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல."

அவர் யோசித்தார். "எங்கப்பா பொறா வளக்கறாரு. அதாலயும் ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. ஆனா சாயங்காலம் ஆனா வூடு நல்லா இருக்கும்."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. செவலை மாடு பொறுமை இழந்து, அந்த அம்மாவையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அட்டை மாட்டாத காதோடு மைதானத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பின்னால் ஓடினார். அரிவாள் அம்மா அவருக்கும் பின்னால் ஓடினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் தட்டோடு எழுந்து கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் நடந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் அது மாட்டின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அவருடைய அம்மா தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். நடவுக்குப் போய்ப் போய் உரமேறிய கை, எதையும் சுற்றி வளைக்காத பேச்சு. காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா கண்ணு, எதோ நம்பருன்றானே. எங்க, எனக்கும் சொல்லு."

என் அம்மா பின்னாலிருந்து வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆனால் கேட்டவருக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்து முழுவதையும் கேட்டார்.

"ஒண்ணும் புரியல" என்றார் கடைசியில். "புரியலன்னா இன்னா. ஏம் புள்ள பொறந்ததுலேர்ந்து யார்கிட்டயும் சேந்தாப்புல பத்து வார்த்த பேசினது கெடையாது. ஒங்கிட்ட பேசிக்கினு ஒரு மாட்டயே உட்டுட்டானாம். அப்ப சரியாத்தான் இருக்கும்." பிறகு என் அம்மாவைப் பார்த்து, "எப்ப ஓல படிக்கலாம்?" என்றார்.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. யாரும் தடை சொல்லவில்லை. தடை கல்யாணத்தன்று பேனர் உருவத்தில் வந்தது.

எனக்குத் தெரியாமல் அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கோவில் வாசலில் வைக்கும் கல்யாண பேனரில், எங்கள் படங்களுக்குக் கீழே, அந்தப் பத்து இலக்க எண்ணைப் பெரிதாக அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார். பேனர் கடைக்காரர் பத்து இலக்கத்தைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் முன்னால் ஒரு போன் படம் வரைந்து, "தொடர்புக்கு" என்றும் போட்டுவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. கார் கோவில் வாசலில் நின்றதும் நான் ஆசையோடு அண்ணாந்து பார்த்தேன்.

3861547290.

ஒன்றும் ஆறும் இடம் மாறியிருந்தன. முந்நூற்று எண்பத்தாறு மூன்றால் போகாது. நாலாவது இலக்கம் ஒன்று, ஒற்றைப்படை, அதனால் முதல் நான்கும் சேர்ந்தது நான்கால் போகாது. மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன், ஏழாலும் போகவில்லை. மூன்று இடத்தில் உடைந்த எண்ணுக்கு மேலே நானும் அவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகு நடந்தது எதுவும் என் மனதில் ஏறவில்லை. பாட்டுப் பாடினார்கள், வாசகம் வாசித்தார்கள். பீடத்தின் முன்னால் கோட்டு சூட்டில் வியர்த்துக்கொண்டிருந்த அவர் பக்கம் லேசாகச் சாய்ந்தேன்.

"ஆறும் ஒண்ணும் மாறிப் போச்சு" என்று கிசுகிசுத்தேன்.

"இன்னா?"

"பேனர்ல."

அந்த நேரம் பார்த்து ஃபாதர் மைக்கை என் பக்கம் நீட்டி, இவரைக் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்.

"சம்மதம் ஃபாதர். ஆனா முந்நூத்தி எம்பத்தாறு மூணால போகாது" என்றேன்.

அது மைக்கில் போய், கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கர் வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள், முந்நூற்று எண்பத்தாறு பேருக்குச் சாப்பாடு போதாது என்று அறிவிப்பதாக நினைத்து, அவசரமாக இன்னும் ஓர் உலை வைத்தார்களாம். ஃபாதர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"முதல் பாதி சம்மதம்தானேம்மா?"

"ஆமா ஃபாதர்."

"அப்ப அது போதும்" என்று அடுத்த சடங்குக்குப் போய்விட்டார்.

பூசை முடிந்து வெளியே வந்தால் பேனர் முன்னால் ஒரு கூட்டம். என் சித்தப்பா ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சமையல்காரர் நம்பருன்னு நெனச்சம்பா, ரிங்கே போவல" என்றார். நான் சாப்பிட உட்காராமல் அங்கேயே நின்றேன். அவமானம் என்று என் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் மாமியார்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"டேய், இங்க வா. அத மாத்துடா மொதல்ல. அந்த பொண்ணு சோறு துன்னாம நிக்கிது."

அவர் கோட்டைக் கழற்றாமல் ஒரு ஸ்டூல்மேல் ஏறினார். யாரோ பிளேடு கொடுத்தார்கள். ஆறையும் ஒன்றையும் சதுரமாக அறுத்தெடுத்து, இடம் மாற்றி வைத்து, வண்டிப் பெட்டியில் இருந்த, மாட்டுக் காயத்துக்கு ஒட்டும் அகலப் பிளாஸ்திரியால் ஒட்டினார். அவருடைய அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஃபாதரும் வெளியே வந்து நின்று, போனில் எதையோ வகுத்துப் பார்த்துவிட்டு, "ஏழாலயும் போகுதே!" என்றார். அப்புறம்தான் நான் பிரியாணி சாப்பிட்டேன். கூடுதலாக ஓர் உலை வைத்திருந்ததால் எல்லாருக்கும் இரண்டாம் தடவையும் கிடைத்தது.

கல்யாணம் முடிந்ததும் பேனரை வீணாக்காமல் களமருதூருக்கு எடுத்துப்போய் மாமியார் ஆட்டுக் கொட்டகைமேல் விரித்துவிட்டார். எங்கள் முகங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. போன மழைக்காலத்தில் மாமியார் போன் செய்தார்.

"கண்ணு, கொட்டாயில ஒழுவுது. வேற எங்கயும் இல்ல, நீ மாத்த சொன்ன ரெண்டு நம்பர்லதான்."

என் கணவர் புதுப் பிளாஸ்திரி வாங்கிக்கொண்டு போவதாகச் சொன்னார். அதற்குள் மாமியார் அடியில் ஒரு குண்டானை வைத்துவிட்டார். ஆடுகள் அதில் தண்ணீர் குடிக்கப் பழகிவிட்டன, இனி ஒட்ட வேண்டாம் என்கிறார்.